நாற்பது புளியமரப் பேனா: எந்தக் கிட் போடலாம்?

உளிவாய் (பொள்ளாச்சி)
ஏப்ரல் 6, இரவு 9.40

வணக்கம். பேனா கடைய ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்து மைதான ஓரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. எங்களுக்குச் சாப்பாட்டுக் கூடம் அதன் நிழல்தான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரிக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. ஏலம் எடுத்தவரிடம் கெஞ்சி அடிமரத்தில் இரண்டு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அறுத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள், நடுவில் வைரம் பாய்ந்த பகுதி கத்தரிக்காய்த் தோல் நிறம். இதில் நாற்பது பேனா கடைந்து ஆசிரியர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும் தருவதாக வாய்விட்டுவிட்டேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு இருபது பேனா செய்து கொடுத்தேன். ஸ்லிம்லைன் என்ற ஒல்லிப் பேனா கிட் (மரம் தவிர நுனி, கிளிப், ரீஃபில் போன்ற பாகமெல்லாம் சேர்ந்து வரும் பொட்டலம்), 24 காரட் தங்க முலாம் என்று போட்டிருந்தது. மரம் ஈட்டி. பாலிஷ் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் எட்டு மாதத்துக்குள் ஏழு பேனா திரும்பி வந்துவிட்டது. அதில் ஒன்று இப்போது என் கையில். கட்டை விரலும் நடுவிரலும் படும் இரண்டு இடத்தில் மட்டும் தங்கம் போய், சாம்பல் நிறத்தில் இரண்டு பொட்டு. மற்ற இடமெல்லாம் பளபள. மூன்று பேனாவில் திருகினால் ரீஃபில் வெளியே வருகிறது, தாளில் அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது. இன்னொன்றில் மேல்பாதி தானாகவே கழன்று விழுகிறது.

மரத்தை நான் பார்த்துக்கொள்வேன். கிட்டைத்தான் எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெரியவில்லை. ஒன்றுக்கு 600 ரூபாய் வரை போகலாம். அதற்கு மேல் போனால் வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.


மொட்டைத்தேங்காய்
ஏப்ரல் 6, இரவு 9.52

ரோடியம் முலாம் வாங்குங்க. கதை முடிந்தது.


லேத்மாமா (கோவை)
ஏப்ரல் 6, இரவு 11.15

முடியவில்லை, தேங்காய். 600 ரூபாய்க்கு ரோடியம் என்று எவனாவது கொடுத்தால் முதலில் அவனைச் சந்தேகப்பட வேண்டும்.

தம்பி, முலாம் போனதைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டாயா? சாம்பல் பொட்டு என்கிறாய். அடியில் நிக்கல் இருந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும், துத்தநாகக் கலவை இருந்தாலும் சாம்பலாகத்தான் தெரியும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நல்ல கிட்டில் நுனி, நடுவளையம், மூடிக்கொண்டை எல்லாம் பித்தளைக் கம்பியில் கடைந்தவை. மேலே நிக்கல், அதற்கு மேலே தங்கமோ குரோமோ. மலிவு கிட்டில் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி எடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

திரும்பி வந்த ஒன்றை எடுத்து நுனியைக் கழற்று. உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், கோணி ஊசியால் ஒரு கீறு கீறு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெள்ளி மாதிரி வெளுத்துப் பிறகு மங்கினால் துத்தநாகம். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று சில பேர் கிளம்புவார்கள். அது வேலைக்கு ஆகாது, இரண்டையுமே காந்தம் இழுக்காது. கிளிப் ஒட்டினால் அது எஃகு, அதுவரைக்கும் நல்லது. கையில் எடுத்தால் எடையிலும் தெரியும். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம், துத்தநாகக் கலவை ஆறே முக்கால் கிராமுக்குள்தான் வரும். ஒரே அளவுள்ள இரண்டு நுனியை நகைத் தராசில் வைத்தால் பொய் சொல்லாது.

நான் புதுசாக ஒரு வகைக் கிட் வாங்கினால் ஒன்றை வைஸில் பிடித்து நெடுக்கே அறுத்துவிடுவேன். வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் நாற்பது வருஷம் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவன், அறுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். அறுத்தால் மரை எத்தனை சுற்று, எவ்வளவு ஆழம், உலோகத்தில் உலோகமா, இல்லை நடுவே பிளாஸ்டிக் புஷ் திணித்திருக்கிறானா எல்லாம் தெரிந்துவிடும். உன் நாற்பதுக்கு நாற்பத்தொன்று வாங்கு. ஒன்றை அறு.

ட்விஸ்ட், அதாவது திருகினால் ரீஃபிலைத் தள்ளும் பாகம், வழுக்குவது வேறு வியாதி. அந்தச் சின்ன பித்தளை உருளைக்குள் இருப்பது பிளாஸ்டிக் மரை. ஸ்லிம்லைனில் அதை நீதான், மரத்துக்குள் ஒட்டிய பித்தளைக் குழாய்க்குள் அழுத்தி இறக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இறங்கினாலோ, குழாய்க்குள் பசை காய்ந்து ஒட்டியிருந்தாலோ, உருளை நெளிந்துவிடும். ஆகவே மூன்றில் ஒன்றாவது உன் கைவேலையாகத்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.


உளிவாய்
ஏப்ரல் 7, காலை 7.05

கோபம் எல்லாம் இல்லை மாமா. கீறிப் பார்த்தேன். வெள்ளைதான். ஏழிலும்.

அரிவாள்மனையில் குழாயைச் சுரண்டியவன் நான். பசை ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.


உப்புக்காற்று (தூத்துக்குடி)
ஏப்ரல் 7, காலை 10.30

கண்காட்சிகளில் கடை போட்டு விற்கிறேன், ஆறு வருடமாக. எங்கள் ஊரில் முலாமுக்கு ஆயுள் பாதிதான். கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் எதுவும் தப்பாது.

குரோம் கடினமானது, கீறல் விழாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அலங்காரக் குரோம் ரொம்ப மெல்லியது. நுண்ணிய துளைகள் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அடியில் பித்தளையும் நல்ல நிக்கலும் இருந்தால் கவலையில்லை. துத்தநாகம் இருந்தால் உள்ளிருந்து பொங்கும். ஒரு தடவை மலிவாகக் கிடைக்கிறது என்று இருபத்தைந்து குரோம் கிட் வாங்கினேன். கடைசி ஐந்தை மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். யாரும் தொடவே இல்லை. தை மாதம் திறந்தால் நுனியில் கடுகு அளவு கொப்புளம். நகத்தால் தட்டினால் தோல் உரிகிற மாதிரி குரோம் உரிந்து, உள்ளே வெள்ளைப் பொடி. ஆக லேத்மாமா சொல்வதுதான் முதல் கேள்வி. அடியில் என்ன?

நான் பார்த்தவரை மற்றவை: கறுப்பு எனாமல் பார்க்க அழகு, சாவிக்கொத்தோடு பையில் கிடந்தால் ஓரம் ஓரமாகச் சில்லு பெயரும். கன்மெட்டல் என்று விற்பது உண்மையான கன்மெட்டல் இல்லை, பெரும்பாலும் கறுப்பு நிக்கல் முலாம். நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனால் விளிம்புகளில் முதலில் வெளுக்கும், அது ஒரு மாதிரி பழைய துப்பாக்கிக் களையாக இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை. ஆன்டிக் பித்தளை, செம்பு எல்லாம் கறுத்துப் போவதே அழகு என்று நினைப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொண்டு வருவார்கள். நடந்திருக்கிறது.

நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் சிலருக்கு உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்பார்களே, அவர்கள். பெண் ஆசிரியர்களுக்கும் தரப்போகிறீர்கள் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


உளிவாய்
ஏப்ரல் 7, மதியம் 1.20

அக்கா, எங்கள் தலைமையாசிரியருக்குத் தங்க நிறம்தான் வேண்டுமாம். “டைட்டானியம் கோல்டு” என்று ஒன்று பார்த்தேன். இதுவும் தங்க முலாம்தானா? விலை கூட இருக்கிறது.


லேத்மாமா
ஏப்ரல் 7, மதியம் 2.10

அதில் தங்கம் பொட்டளவும் இல்லாமல் இருக்கலாம். டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சு அது. நிறம் மட்டும்தான் தங்கம்.

உன் டிரில் பிட் பெட்டியைத் திற. மஞ்சள் நிறத்தில் இரண்டு பிட் இருக்கும். அதன் மேல் இருப்பதும் இதே சரக்குதான். இரும்பைக் குடைகிற பிட்டுக்கே தேய்மானம் தாங்குவதற்காகப் பூசுகிறார்கள் என்றால் விரல் படுவதெல்லாம் ஒரு பொருட்டா? மின்முலாம் போல் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பது கிடையாது. வெற்றிட அறைக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேரவிட்டுப் படிய வைப்பார்கள். பி.வி.டி என்று பெட்டியில் போட்டிருக்கும். கண்ணாடியை விடக் கடினம்.

24 காரட் தங்கத்தின் சங்கதி இதற்கு நேர் எதிர். காற்றிலும் தண்ணீரிலும் கறுக்கவே கறுக்காது. ஆனால் மிருது. அதனால்தானே நகைக்குச் செம்பு கலந்து 22 காரட்டாக அடிக்கிறோம். முலாமில் அது வெங்காயத்தோலை விட மெல்லியதாக உட்கார்ந்திருக்கிறது. பூஜை அறையில் வைக்க 24 காரட், சட்டைப்பையில் வைக்க டைட்டானியம். தலைமையாசிரியர் எங்கே வைப்பார் என்று கேட்டுக்கொள்.

தேங்காய் சொன்ன ரோடியம் தப்பில்லை. வெள்ளைத் தங்க நகைக்கு மேலே பூசுவது அதுதான். கடினமும் உண்டு, கறுப்பதும் இல்லை. ஆனால் விலை. அந்தக் கிட்டுகள் பெரும்பாலும் பெரிய மைப்பேனாக் கிட்டுகளாகத்தான் வரும், ஒன்றின் விலைக்கு உனக்கு நாலு பேனா முடிந்துவிடும்.


மைக்கறை (சென்னை)
ஏப்ரல் 7, இரவு 8.45

இவ்வளவு நேரம் முலாம், முலாம் என்று பேசுகிறீர்கள். முலாமே இல்லாத பேனாவைப் பற்றி யாரும் பேசவில்லையே.

திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கையாலேயே கடைகிறார்கள். சென்னையில் காமா, ராஜமுந்திரியில் 1930களிலிருந்து ரத்னம். இவர்களில் யாரும் கிட் வாங்கிப் பேனா செய்ததில்லை. எபனைட் (கெட்டிப்படுத்திய ரப்பர்) கம்பியை லேத்தில் பிடித்து, மூடி, உடல், கழுத்து மூன்றையும் கடைந்து, மரையை அந்த எபனைட்டிலேயே வெட்டிவிடுவார்கள். உரிய முலாமும் இல்லை, நெளிய ட்விஸ்டும் இல்லை. நிப்பு மட்டும்தான் வெளியிலிருந்து. ஹைடல்பெர்க்கின் பாக், பெர்லினின் ஜோவோ, கருங்காட்டுப் பகுதியின் ஷ்மிட், இவற்றில் ஒன்றை மரையோடு வரும் யூனிட்டாக வாங்கிப் பொருத்தினால், பத்து வருடம் கழித்து நிப்பு கெட்டாலும் திருகி எடுத்து வேறு போடலாம். என் தாத்தாவின் எபனைட் பேனா வெயில் பட்டுப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிவிட்டது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. இன்றும் அதில்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசல் தெரிந்த ஒருவர் கிட் வாங்குவது, சமையல் தெரிந்தவர் பார்சல் வாங்குவது மாதிரி. மன்னிக்கவும், உள்ளதைச் சொல்கிறேன்.


லேத்மாமா
ஏப்ரல் 7, இரவு 9.30

பார்சல் சாப்பாட்டைக் கேவலப்படுத்தாதீர்கள் சார். நாற்பது பேருக்குப் பந்தி என்றால் மாவு அரைப்பதற்கு ஆள் வேண்டும்.

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நானும் எபனைட்டில் ஏழெட்டு செய்திருக்கிறேன். ஆனால் பையன் கையில் இருப்பது புளியமரம். மரத்தில் மெல்லிய மரை வெட்டினால் நாலு தடவை திறந்து மூடுவதற்குள் பொடிப் பொடியாக உதிரும். உள்ளே எபனைட் உறை செருகி, அதில் மரை வெட்ட வேண்டும். மூடிக்கு 13 மில்லிமீட்டர், 0.8 பிட்ச் (மரை இடைவெளி), மூன்று தொடக்கம் (ஒன்றுக்குப் பதில் மூன்று மரை சேர்ந்து ஓடும்) உள்ள டேப்பும் டையும், அதாவது மரை வெட்டும் கருவிகள், வேண்டும். இல்லையென்றால் மூடி திறக்க ஏழு சுற்று சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஒரு ஜோடியின் விலையைக் கேட்டால் பையன் வீட்டில் கணக்கு கேட்பதோடு நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் மைப்பேனாவை வாங்குகிற நாற்பது பேரில் எத்தனை பேர் மை ஊற்றுவார்கள்? மூன்றாம் மாதம் நிப்பில் மை காய்ந்து மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.


மைக்கறை
ஏப்ரல் 7, இரவு 9.41

அந்தக் கடைசி வரி வலிக்கிறது. ஆனால் மறுக்க முடியவில்லை.

மைப்பேனா கிட் வாங்குபவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நிப்பில் “இரிடியம் பாயின்ட் ஜெர்மனி” என்று பொறித்திருப்பதைப் பார்த்து ஜெர்மனியில் செய்தது என்று நம்ப வேண்டாம். எங்கு வேண்டுமானாலும் செய்து அந்த வரியைப் பொறிக்கிறார்கள். 5 அல்லது 6 எண் அளவுள்ள நிப்பு பொருந்துகிற கிட்டாகவும், பொதுவான சர்வதேச அளவுக் கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பிய குழல்) ஏற்கிற கிட்டாகவும் பார்த்து வாங்கினால், நிப்பை மட்டும் பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாம்.


பனங்காடு (யாழ்ப்பாணம்)
ஏப்ரல் 8, காலை 6.15

தம்பி, எல்லாரும் வெளியில் பூசியதைப் பற்றிக் கதைக்கினம். நான் உள்ளுக்குள் இருக்கிறதைப் பற்றிக் கதைக்கிறன். பேனைக்குச் சாவு வருவது ரீஃபில் முடியிற அன்றைக்குத்தான்.

நான் பனையில் பேனை கடைகிறேன். வைரம் பாய்ந்த கறுப்புச் சிராய், வெட்டினால் ஊசி ஊசியாகத் தெறிக்கும். சூப்பர் குளூ ஊற்றி ஊற்றித்தான் கடைய வேணும். வடிவான பேனை. தொடக்கத்தில் நானும் ஸ்லிம்லைன்தான் போட்டேன். அதற்குப் போவது கிராஸ் வகை ரீஃபில், மெல்லிசு. யாழ்ப்பாணக் கடைகளில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கொழும்பில் தேடிப் பிடித்தால் ரீஃபில் விலைக்கு இரண்டு புதுப் பேனை வாங்கலாம். ஒரு மருத்துவர் என்னிடம் வாங்கிய பேனையை ஒரு வருசம் ரீஃபில் இல்லாமல் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார், அழகுக்கு.

அதற்குப் பிறகு பார்க்கர் வகை ரீஃபில் போகிற கிட்டைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. ஜி2 என்று சர்வதேசத் தரத்தில் பெயர். 98 மில்லிமீட்டர் நீளம், எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. பந்துமுனை கிடைக்கும், ஜெல்லும் கிடைக்கும், ஷ்மிட்டின் வழவழ என்று எழுதுகிற வகையும் கிடைக்கும். பேனை ஒன்றுதான், உள்ளே ஆளுக்குப் பிடித்ததைப் போடலாம்.

ஒரு குழப்பம் இருக்கு, கவனம். பைலட் கம்பெனியின் ஜெல் பேனைக்கும் ஜி2 என்றுதான் பெயர். அந்த ரீஃபில் வேறு, நீளம் கூட. கடைக்காரரிடம் “ஜி2” என்று கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார். “பார்க்கர் ரீஃபில்” என்று கேளுங்கள்.


உளிவாய்
ஏப்ரல் 8, காலை 8.00

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. திரும்பி வந்த ஏழில் இரண்டு உண்மையில் நன்றாகத்தான் இருந்தன. ரீஃபில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுத்தான் கொண்டு வந்திருந்தார்கள். நான் அதையும் பழுதுக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சரி, ஸ்லிம்லைன் வேண்டாம். பார்க்கர் ரீஃபில் போகும் கிட்டுகளில் எது?


உப்புக்காற்று
ஏப்ரல் 8, காலை 11.10

என் ஓட்டு ஒற்றைக்குழாய் கிட்டுக்குத்தான். சியரா என்ற பெயரில் தொடங்கி இப்போது பத்துப் பெயர்களில் வருகிறது. ஸ்லிம்லைனில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு மரத்துண்டு, நடுவில் வளையம், மேல்பாதியை வெறும் இறுக்கத்தில் பிடித்து வைத்திருக்கும் ட்விஸ்ட். ரீஃபில் மாற்ற ஒவ்வொரு தடவையும் மேல்பாதியை இழுக்க வேண்டும், இழுக்க இழுக்க இறுக்கம் போகும். உங்கள் ஒரு பேனா கழன்று விழுந்த கதை அதுதான். ஒற்றைக்குழாயில் ஒரே மரத்துண்டு, மேல்பகுதி மரையில் கழன்று வரும். இழுப்பது என்ற வேலையே கிடையாது. ட்விஸ்ட் பழுதானாலும் அந்தப் பகுதியை மட்டும் வாங்கித் திருகிக்கொள்ளலாம்.

தொல்லை என்னவென்றால், குழாயை இறக்க மரத்தில் போடும் துளை. 27/64 அங்குலம் கேட்பார்கள். அதாவது 10.7 மில்லிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் 10.5 இருக்கும், 11 இருக்கும், நடுவில் எதுவும் இருக்காது. 10.5 போட்டுவிட்டு உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே தேய்த்தவர்கள் உண்டு (நான்தான்). வேண்டாம், பிட்டை முதலிலேயே சொல்லி வரவழைத்துவிடுங்கள். சிகார் வகை என்றால் 10 மில்லிமீட்டர், எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதில் இரண்டு குழாய், பேனாவும் குண்டு. சிறிய கை உள்ள டீச்சர்களுக்குப் பிடிக்காது. போல்ட் ஆக்‌ஷன் 3/8 அங்குலம், துப்பாக்கிக் கொக்கி மாதிரி தள்ளினால் ரீஃபில் வரும். ஆண்கள் வாங்கியதும் அரைமணி நேரம் டக்டக் என்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.


குளிர்நாடன் (ஸ்கார்பரோ)
ஏப்ரல் 8, இரவு 10.20

மதுரைக்காரன், இருப்பது கனடாவில். எல்லோரும் கிட் உழைக்குமா என்று பேசுகிறீர்கள். என் அனுபவம் தலைகீழ். கிட் அப்படியே இருந்தது, மரம் பிளந்தது.

ஊரிலிருந்து வேப்பங்கட்டை கொண்டுவந்து வெயில் காலத்தில் எட்டு பேனா கடைந்தேன். டிசம்பரில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டதும் காற்று காய்ந்தது. பித்தளைக் குழாய் சுருங்காது, மரம் சுருங்கும், சுவரோ ஒரு மில்லிமீட்டர் கனம். ராத்திரி மேசையில் வைத்த பேனா காலையில் நெடுக விரிசல். எட்டில் ஐந்து.

புளியமரம் ஐப்பசியில் விழுந்தது என்கிறீர்கள். இப்போது சித்திரை கூடப் பிறக்கவில்லை. காய்ந்துவிட்டதா? உடன் படித்தவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் போகும் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.


லேத்மாமா
ஏப்ரல் 9, காலை 5.50

நல்ல கேள்வி கேட்டார். தம்பி, பெரிய துண்டாக வைத்திருந்தால் உள்ளே இன்னும் பச்சைதான். இன்றைக்கே பேனா அளவுக்கு, 20 மில்லிமீட்டர் சதுரமாக அறுத்து, நிழலில் காற்றாட அடுக்கு. நாலைந்து கட்டையில் எண் எழுதி வாரம் ஒரு தடவை எடை போட்டுக் குறித்து வை. மூன்று வாரம் எடை அப்படியே நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். துளை போட்டபின் உடனே குழாயை ஒட்டாதே. துளையோடு இன்னும் பத்துப் பதினைந்து நாள் கிடக்கட்டும், உள்ளேயிருந்தும் காயும்.

ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ வேண்டாம். சீக்கிரம் பிடிக்கும், ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் சாதி. குழாயைப் பாதி செருகும்போதே பிடித்துக்கொண்டு அழ விடும். மெதுவாக இறுகும் அரால்டைட் போடு. குழாயின் பளபளப்பை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துக் கெடு. பசை உள்ளே போகாமல் இருக்க, உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி அதில் குழாயின் இரண்டு முனையையும் ஒரு குத்துக் குத்து. மூடி மாதிரி அடைத்துக்கொள்ளும். ஒட்டி முடித்ததும் குச்சியால் தள்ளினால் கிழங்கு வெளியே வந்துவிடும். உன் அரிவாள்மனைக்கு வேலை இருக்காது.


மொட்டைத்தேங்காய்
ஏப்ரல் 9, காலை 9.00

வாழைக்காய் ஆகுமா மாமா?


லேத்மாமா
ஏப்ரல் 9, காலை 9.04

பிசின் ஒட்டும். கிழங்குதான்.

விட்டுப்போனது ஒன்று. முலாம் சீக்கிரம் போவதற்குக் கடைசல்காரனும் காரணம். மரமும் உலோகமும் சேரும் இடத்தில் மேடு பள்ளம் இருந்தால் விரல் அங்கேயே போய்ப் போய் உரசும். மேன்ட்ரலை (மரத்துண்டை லேத்தில் கோத்துப் பிடிக்கும் கம்பி) இறுக்கி முடுக்கினால் கம்பி வளைந்து, மரம் முட்டை வடிவத்தில் உருளும், ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம். மரத்தின் இரு முனையிலும் அளவுக்காக மாட்டும் புஷிங் வளையத்தையும் நம்பாதே, உப்புத்தாள் பட்டுப் பட்டு அதுவும் தேயும். கிட்டின் நுனியை வெர்னியரில் அளந்து, மரத்தை அந்த அளவுக்குக் கொண்டுவா. நகத்தை மரத்திலிருந்து நுனிக்கு இழுத்துப் பார். தட்டவே கூடாது.


உளிவாய்
ஏப்ரல் 9, இரவு 9.15

கட்டைகளை அறுத்து அடுக்கிவிட்டேன். காயும் வரைக்கும் சும்மா இருப்பதற்குப் பதில் நாலு வகைக் கிட்டில் ஒவ்வொன்று வாங்கி, கையில் இருக்கும் தேக்கில் கடைந்து சோதிக்கப் போகிறேன். என் மச்சான் பேருந்து நடத்துனர். காலை நாலரைக்கு ஏறினால் ராத்திரிதான் இறங்குவார். வியர்வை, சில்லறை, சாவி, விசில் எல்லாம் ஒரே பையில். நாலு பேனாவையும் அவர் பையில் போட்டுவிடுவேன். “மாப்பிள்ளை, நான் கண்டக்டரா, பேனாக்கடையா?” என்று இப்போதே கேட்கிறார்.


உளிவாய்
ஜூன் 1, இரவு 8.30

ஏழு வாரம் ஆகிவிட்டது. நாலு பேனாவும் திரும்பி வந்தன. பையிலிருந்து எடுத்தபோது டீசலும் சந்தனமும் கலந்த ஒரு வாசம்.

பழைய கையிருப்பில் மிச்சமிருந்த 24 காரட் ஸ்லிம்லைன்: நுனியில் பொட்டு வந்துவிட்டது. கிளிப்பின் முதுகில், சட்டைப்பையின் விளிம்பு உரசும் இடத்திலும் ஒரு கோடு. எட்டு மாத வேலையை மச்சான் ஏழு வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்.

குரோம் ஒற்றைக்குழாய்: கீறிப் பார்த்து வாங்கியது, அடியில் பித்தளை. துணியால் துடைத்ததும் புதுசு. நுண்கீறல்கள் சில, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். மரை முதல் நாள் போலவே உட்கார்கிறது.

கன்மெட்டல் போல்ட்: அக்கா சொன்னது அப்படியே. கொக்கியின் முனை வெளுத்துவிட்டது, மற்ற இடம் நன்றாக இருக்கிறது. மச்சானுக்குப் பிடித்தது இதுதான், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் திறக்கலாமாம். திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

டைட்டானியம் கோல்டு சிகார்: முலாமில் ஒரு கோடு கூட இல்லை. உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேல்பாதியின் இறுக்கம் குறைந்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் விழவில்லை, உதறினால் வருகிறது. பூச்சு நூறு வருடம் இருக்கும் போல, பிடிமானம்தான் சந்தேகம்.

ஆகவே நாற்பதில் முப்பத்தெட்டு குரோம் ஒற்றைக்குழாய். தலைமையாசிரியருக்கு மட்டும் அதே வகையில் டைட்டானியம் கோல்டு. ஒன்று மச்சானுக்குப் போல்ட், புளியமரத்தில். அறுப்பதற்கு ஒரு குரோம் தனியாக. 10.7 பிட் இரண்டு வரவழைத்துவிட்டேன். கட்டை எடை போன மூன்று வாரமாக அசையவில்லை.


உப்புக்காற்று
ஜூன் 1, இரவு 9.05

அருமை. பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், புளியமரம் கல் மாதிரி. சூடேறினால் உள்ளேயே மயிரிழை விரிசல் விடும், பாலிஷ் போட்டபிறகுதான் தெரியும்.


லேத்மாமா
ஜூன் 2, காலை 6.00

அறுத்தாயா?


உளிவாய்
ஜூன் 2, இரவு 10.10

அறுத்தேன் மாமா. உலோகத்தில் உலோக மரை, ஆறு சுற்று. பிளாஸ்டிக் ட்விஸ்டுக்குள் மட்டும். அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

முதல் புளியமரப் பேனாவைச் சும்மா காட்டலாம் என்று எங்கள் கணக்கு சார் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. அந்தக் கத்தரிப்பூ வைரத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பேனாவைத் திருகிக் கழற்றி, ரீஃபிலை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்ம முக்குக் கடையில கிடைக்கும்ல?” என்றார்.

கிடைக்கும் சார் என்றேன். திரும்ப மாட்டி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார். மாதிரிக்குக் கொண்டுவந்தது, திருப்பித் தாருங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஆக, நாற்பத்திரண்டாவது கிட் ஒன்று வாங்க வேண்டும்.


மொட்டைத்தேங்காய்
ஜூன் 2, இரவு 10.14

ரோடியம் வாங்குங்க.